சாரநாத்தும் சந்தைச் செங்கல்லும்

பயணம் அறிவை வளர்க்கும் என்பது பள்ளிக் கட்டுரைகளில் தவறாது இடம்பெறும் ஒரு வாசகம். ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதுவர். மாணவர் எழுத ஆசிரியர் மதிப்பெண் இடுவர். அவ்வாசகம் எந்த அளவுக்கு உண்மை என்று இருசாராரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏதேனும் அறிந்து புறப்பட்டவனுக்கே பயணம் மேலும் அறிவைத் தருகிறது. ஒன்றும் அறியாது தொன்மைச் சின்னம் ஒன்றின் முன் போய் நிற்பவன் கல்லையும் மண்ணையும் கண்டு, கால் வலியோடு திரும்புகிறான்.

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் காசிக்குச் செல்லும் தமிழர் பலர். கங்கையில் நீராடி, விசுவநாதரை வழிபட்டு, மறைந்த முன்னோர்க்குச் செய்ய வேண்டிய கடன்களைச் செய்து முடித்தபின், பயண ஏற்பாட்டாளர் ஒரு பிற்பகலைச் சாரநாத்துக்கு ஒதுக்குகிறார். காசியிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவு. பேருந்து நிற்கிறது. பெரிய தூபியின் முன் குழுவாக நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். சுற்றிலும் முழங்கால் உயரச் சுவர்களும் வட்டமான செங்கல் மேடைகளுமே தென்படுவதால், "இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்கிறார், வேறு எவரும் மறுமொழி கூறுவதில்லை. அரை மணி நேரத்தில் பேருந்து புறப்படுகிறது. அடுத்து நிற்கும் பட்டுப் புடவைக் கடையில் ஒரு மணி நேரம் கழிகிறது.

இதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். கேடு உண்டு. தொன்மைச் சின்னத்தை "இஃது என்ன?" என்று வினவாமல் கடந்து செல்லும் மனநிலையும், அதைச் செங்கற்குவியல் என்று கருதிப் பெயர்த்தெடுத்த மனநிலையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இது வன்சொல்லாகத் தோன்றலாம். சாரநாத்தின் வரலாற்றை அறிந்தவர் இதை மறுக்கமாட்டார்.

அறவாழி உருண்ட இடம்

பௌத்தர் தலையாயவையாகப் போற்றும் தலங்கள் நான்கு. புத்தர் பிறந்த லும்பினி, மெய்யுணர்வு பெற்ற புத்தகயை, முதன்முதலாக அறம் உரைத்த சாரநாத், மறைந்த குசிநகரம் என்பன அவை. இந்நான்கையும் அடியவர் நேரிற் காணுதல் தகும் என்று புத்தரே தம் இறுதி நாள்களில் ஆனந்தருக்கு உரைத்ததாகப் பாலி நூலாகிய மகாபரிநிப்பாண சுத்தம் கூறுகிறது.

சாரநாத்துக்கு அக்காலத்தில் இசிபதனம் என்று பெயர். மான்கள் அச்சமின்றி உலவிய சோலையாதலின் மிருகதாவம் என்றும் வழங்கிற்று. போதி மரத்தடியில் மெய்யுணர்ந்த புத்தர், முன்னர்த் தம்மை விட்டு விலகிச் சென்ற ஐவரைத் தேடி இச்சோலைக்கு நடந்து வந்தார். புலனின்பத்தில் மூழ்குவதும் உடலை வருத்தி மாய்வதும் ஆகிய இரு முனைகளையும் தவிர்த்த நடுவழியை அவர்களுக்கு உரைத்தார். துன்பம், துன்பத்தின் காரணம், அதன் நீக்கம், நீக்கத்துக்குரிய நெறி என்னும் நான்கு வாய்மைகளை விளக்கினார். ஐவர் கேட்ட அந்த உரையிலிருந்தே பௌத்த சங்கம் பிறந்தது. அறவாழி உருளத் தொடங்கிய இடம் என்று அதனாற்றான் சாரநாத்தைப் போற்றுகின்றனர்.

ஓராயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவ்விடத்தைப் பேணாத தலைமுறை இல்லை எனலாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் அங்குத் தூணை நிறுவினார். தர்மராஜிகத் தூபியின் தொடக்கமும் அவர் காலத்தது என்பர். குஷாணர் காலத்தில், கனிஷ்கரின் மூன்றாம் ஆட்சியாண்டில், பிக்கு ஒருவர் மாபெரும் போதிசத்துவர் சிலையையும் கற்குடையையும் அங்கு நாட்டினார். குப்தர் காலத்துச் சிற்பிகள் சுனார் மணற்கல்லில் வடித்த அறம் உரைக்கும் புத்தர் சிலை, இந்தியச் சிற்பக் கலையின் சிகரங்களுள் ஒன்று. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற சீனப் பயணி யுவான் சுவாங், ஆயிரத்து ஐந்நூறு பிக்குகள் அங்கு வாழ்ந்ததாக எழுதிவைத்தார். 1026ஆம் ஆண்டில், பாலர் குலத்து மகிபாலரின் காலத்தில், அங்கிருந்த பழைய கட்டடங்கள் செப்பனிடப்பட்டமையை ஒரு கல்வெட்டு உரைக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கன்னோசி மன்னர் கோவிந்தசந்திரரின் தேவியாகிய குமாரதேவி அங்கு விகாரை எழுப்பினார்.

வாளும் வண்டியும்

இத்தகைய இடம் எவ்வாறு அழிந்தது? வாளைச் சுட்டுவதே பலர்க்கும் எளிது. கி.பி. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடநாட்டில் நிகழ்ந்த படையெடுப்புகளோடு சாரநாத் விகாரைகளின் வாழ்வு முடிந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. பிக்குகள் சிதறினர், புரந்தோர் மறைந்தனர், மண் மூடிற்று. இதை மறைக்கவும் வேண்டா, மிகைப்படுத்தவும் வேண்டா. ஆனால், வாள் ஓய்ந்து அறுநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் தர்மராஜிகத் தூபி நின்றுகொண்டிருந்தது. அதைத் தரைமட்டமாக்கியது படை அன்று, சந்தை.

1794ஆம் ஆண்டில், காசி அரசின் திவானாக அறியப்படும் ஜகத் சிங்கின் ஆட்கள் சாரநாத்துக்கு வந்தனர். காசியில் அவர் பெயரால் எழுந்த ஜகத்கஞ்சு என்னும் சந்தைக்குச் செங்கல் தேவைப்பட்டது. வெட்டி, சூளை வைத்து, சுட்டு எடுப்பதைவிட, சுட்டு அடுக்கிவைத்திருந்ததைப் பெயர்த்தெடுப்பது எளிதாயிற்று. ஆறு முறை சுற்றிலும் கட்டிப் பெரிதாக்கப்பட்ட தூபியை அவர்கள் அடுக்கடுக்காக உரித்தனர். உள்ளே ஒரு கற்பெட்டி இருந்தது. கற்பெட்டிக்குள் சலவைக்கற் பேழை. பேழைக்குள் சில எலும்புத் துண்டுகள், முத்துகள், பொன் தகடுகள்.

எலும்புகள் கங்கையில் இடப்பட்டன. இதைச் செய்தோர் அவமதிக்கும் எண்ணத்தோடு செய்தனர் என்று கொள்ள வேண்டியதில்லை. இறந்தோரின் எலும்பைக் கங்கையில் இடுவது காசியின் வழக்கம். அவ்வழக்கப்படி அவர்கள் மதிப்பே செய்தனர் எனலாம். ஆனால், ஆறு முறை போர்த்திக் காக்கப்பட்ட அவ்வெலும்பு யாருடையது, எதற்காக அவ்வளவு ஆழத்தில் வைக்கப்பட்டது என்று எவரும் கேட்கவில்லை. கேள்வி இல்லாத மதிப்பு, பகையைவிட முழுமையாக அழித்துவிட்டது. இன்று அங்கு எஞ்சியிருப்பது வட்டமான அடித்தளம் மட்டுமே. "பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று பயணி கேட்பது அந்த வட்டத்தின் ஓரத்தில் நின்றுதான்.

கதை அத்துடன் முடியவில்லை. 1835ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதுப் படைப் பொறியாளரான அலெக்சாண்டர் கன்னிங்ஹாம், தம் சொந்தச் செலவில் அங்கு ஆய்வு செய்யத் தொடங்கினார். சிறுவயதில் செங்கல் எடுக்கும் பணியில் இருந்த ஒரு முதியவர் இடம் காட்ட, ஜகத் சிங்கின் ஆட்கள் விட்டுச்சென்ற கற்பெட்டியை மீட்டார். சிலைகள் பலவற்றைத் தோண்டியெடுத்தார். கொண்டு செல்ல முடிந்தவற்றைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். எஞ்சிய நாற்பதுக்கும் மேற்பட்ட சிலைகள் அங்கேயே தரையில் கிடந்தன. பின்னர் அரசாங்க அலுவலர் ஒருவர் அவற்றை வண்டிகளில் ஏற்றி, வருணை ஆற்றின் பாலத்தடியில் கொட்டச் செய்தார். பாலத்தின் வளைவுகளுக்கு இடையே ஆற்றுப்படுகை அரிக்காமல் இருக்க வேண்டுமாம். புத்தர் சிலைகள் அரிப்புத் தடுக்கும் கற்களாயின.

சந்தைக்காரர்க்குத் தூபி செங்கல்லாகத் தெரிந்தது. பாலங் காத்தவர்க்குச் சிலை கருங்கல்லாகத் தெரிந்தது. படம் எடுப்பவர்க்கு இரண்டும் பின்னணியாகத் தெரிகின்றன. பயன்படுத்தும் முறைதான் வேறு; பார்வை ஒன்றே.

மூன்று மறுப்புகள்

இவ்வாறு கூறினால் மூவகை மறுப்புகள் எழும்.

சந்தையும் பாலமும் மக்களுக்குத் தேவையானவை. இறந்த காலத்தின் கல்லைவிட வாழும் மனிதனின் தேவை பெரிது என்பது முதல் மறுப்பு. கேட்பதற்கு இது மனிதநேயம் போல ஒலிக்கும். ஆனால், காசியில் செங்கல் சுட மண் இல்லாமற் போயிற்றா? பாலத்தடியில் இடக் கல் கிடைக்காமற் போயிற்றா? தேவை உண்மை, அத்தேவையைத் தூபியால்தான் நிறைவு செய்ய வேண்டும் என்பது சோம்பல். சந்தைக் கட்டடத்தை எந்நூற்றாண்டிலும் எழுப்பலாம். அசோகர் காலத்துத் தூபியை எந்நூற்றாண்டிலும் மீண்டும் எழுப்ப இயலாது. இம்மறுப்புக்கு விடையாகச் சாரநாத்திலேயே ஒருவர் வாழ்ந்து காட்டினார். 1904-05ஆம் ஆண்டுகளில் அங்கு அகழாய்வு நடத்தி, அசோகர் தூணின் சிங்கத் தலைப்பகுதியை மீட்டெடுத்த எஃப். ஓ. ஓர்ட்டல், பொதுப்பணித் துறைப் பொறியாளர். சாலையும் கட்டடமும் அவருக்கும் தொழில்தான். தொழில் ஒருவரைக் குருடராக்குவதில்லை, கேளாமையே குருடாக்குகிறது.

பௌத்தம் வேறு சமயம்; சைவரும் வைணவரும் பிற சமயத்தவரும் அதன் தலங்களைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்பது இரண்டாம் மறுப்பு. தமிழாசிரியர் இந்த மறுப்பை வாயாலும் சொல்லலாகாது. மணிமேகலையைப் பாடமாக நடத்துவோர் அவர்கள். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் மணிமேகலையைப் பதிப்பித்தபோது தமிழகத்தில் பௌத்தம் வழக்கொழிந்திருந்தது. நூலின் கருத்துகள் விளங்கவில்லை என்று அவர் அதை ஒதுக்கிவிடவில்லை. சைவராகிய அவர் பௌத்த நூற்பொருளைக் கற்றறிந்தோரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். புத்தரின் வரலாற்றையும் பௌத்த தருமத்தையும் சங்கத்தையும் பற்றித் தாமே எழுதி நூலுடன் வெளியிட்டார். குமாரதேவி விகாரை எழுப்பியபோது அவர்தம் கணவர் பௌத்தர் அல்லர். சமய வேறுபாடு அறிவுக்குத் தடை என்று கருதியிருந்தால் இன்று மணிமேகலையும் இல்லை. தமிழ் மாணவர்க்கு அப்பாடமும் இல்லை.

நம்பிக்கை உள்ளவர்க்கு வரலாறு எதற்கு, கைகூப்பி வணங்கினால் போதாதா என்பது மூன்றாம் மறுப்பு. இதற்கு விடையைக் கங்கையில் இடப்பட்ட எலும்பே சொல்லிவிட்டது. அங்கு வணக்கத்துக்குக் குறைவில்லை, அறிவுக்குத்தான் குறைவு. மேலும், கேளாமல் வணங்குவதைப் புத்தரின் நெறி பெருமையாகக் கொள்ளவில்லை. தேமேக் தூபியே இதற்குச் சான்று. நூறடிக்கு மேல் ஓங்கி நிற்கும் அத்தூபியின் உச்சியிலிருந்து கன்னிங்ஹாம் துளையிட்டபோது, ஏறத்தாழ மூன்றடி ஆழத்தில் எழுத்துப் பொறித்த கற்பலகை ஒன்று கிடைத்தது. காரணத்தால் தோன்றுவனவற்றின் காரணத்தையும் அவற்றின் ஒடுக்கத்தையும் புத்தர் எடுத்துரைத்தார் என்பது அதன் கருத்து. தூபியின் உள்ளே பொன்னை எதிர்பார்ப்போர்க்கு அது காரணத்தை ஆராயச் சொல்லும் ஒரு வாசகத்தைத் தந்தது.

நாகையும் கடாரமும்

சாரநாத்தில் நடந்தது வடநாட்டாரின் பிழை என்று தமிழர் ஒதுங்கிக்கொள்ளவும் வழியில்லை. முதலாம் இராசராசனின் காலத்தில், ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரை எழுந்தது. தஞ்சைப் பெருங்கோயிலைக் கட்டிய சைவப் பேரரசன் அவ்விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். ஆனைமங்கலச் செப்பேடுகள் இதற்குச் சான்று. நாகப்பட்டினத்தில் 1856 முதலாகக் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ முந்நூற்றைம்பது. ஆயினும், அவ்வூரில் பௌத்தத்தின் எச்சமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்ற பழைய கோபுரம் 1867ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. ஒரு கல்வி நிறுவனத்தின் கட்டடப் பணிக்காக அது இடிந்தது என்பதைக் கல்வியாளர் மறக்கலாகாது. காசியில் சந்தை, நாகையில் பள்ளி. நோக்கம் உயர்ந்தது என்பதால் இடிந்த செங்கல் மீண்டும் எழுந்து நிற்கப் போவதில்லை.

அச்செப்பேடுகள் கூறும் கடாரமே இன்றைய கெடா. அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் இந்து, பௌத்தச் சண்டிகளின் அடித்தளங்கள் பல உள்ளன. அவற்றுள் பதினோராம் எண் பெற்ற சண்டி, வீடமைப்பு நிலச் சீரமைப்பில் தகர்க்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்விடம் பாதுகாக்கப்பட்ட மரபிடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. செய்தி வெளிவந்தபோது எழுந்த சினம் நியாயமானது. ஆனால், சினந்தவருள் எத்தனை பேர் அதற்கு முன்னர் அச்சண்டியைச் சென்று கண்டிருந்தனர்? எத்தனை தமிழ்ப்பள்ளிகள் மாணவரை அங்கு அழைத்துச் சென்றிருந்தன? இடிந்த பின்னர் எழும் கூக்குரல், இடிவதற்கு முன்னர்க் காட்டாத அக்கறைக்கு ஈடாகாது.

படிக்கத் தெரிந்த கண்

இனி, சாரநாத்துக்குச் செல்லும் தமிழாசிரியர் ஒருவர் அங்கு எதைக் காண இயலும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

நுழைவுச் சீட்டுக்காக அவர் நீட்டும் இந்தியப் பணத்தாளில் சிங்க முத்திரை இருக்கிறது. அதன் மூலவடிவம் அவ்வளாகத்தை அடுத்த அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நான்கு திசை நோக்கிய நான்கு சிங்கங்கள், அவற்றின் கீழே யானை, காளை, குதிரை, சிங்கம், இடையிடையே அறவாழிகள். 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் இந்தியா அதனைத் தன் அரசு முத்திரையாக ஏற்றது. ஆழி இந்தியக் கொடியின் நடுவில் இடம்பெற்றது. அச்சிங்கங்களின் மேல் முன்னர் ஒரு பெரிய அறவாழி இருந்தது. அதன் உடைந்த துண்டுகளே கிடைத்தன. அரசின் வலிமைக்கு மேலே அறத்தை வைத்த ஓர் எண்ணம் அக்கல்லில் இருந்தது என்று மாணவர்க்குக் காட்டுவதற்கு இதைவிட நல்ல பாடம் வேறு உண்டோ?

வளாகத்தின் உள்ளே அத்தூணின் அடிப்பகுதி உடைந்து நிற்கிறது. அதில் அசோகரின் ஆணை இன்னும் இருக்கிறது. சங்கத்தைப் பிளவுபடுத்தும் பிக்குவும் பிக்குணியும் வெள்ளாடை உடுத்தி வெளியே வாழ வேண்டும் என்பது அதன் சாரம். பிளவுகளால் நலிந்த எந்தச் சமூகத்தின் ஆசிரியரும் அதன் முன் சற்று நேரம் நிற்காமல் போக இயலாது.

சாரநாத்தில் கிடைத்த கற்குடைத் துண்டு ஒன்றில் நான்கு வாய்மைகள் பாலி மொழியில் பொறிக்கப்பட்டுள்ளன. மணிமேகலையின் முப்பதாவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைப்பதும் அவ்வாய்மைகளையே. பேதைமை முதலாகப் பன்னிரண்டு சார்புகள் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றி உயிரைப் பிணிப்பதை அக்காதை விரித்துரைக்கிறது. தேர்வுக்கு வாரா என்று கருதி வகுப்பறையில் விரைந்து கடந்துவிடும் பகுதி அது. அதைப் பொருளுணர்ந்து படித்த மாணவன் சாரநாத்தில் அயலான் ஆகான். கல்லில் இருப்பது அவனுக்கு ஏற்கெனவே தமிழில் தெரியும்.

அத்தொடர்பு அங்கேயே முடிவதுமில்லை. கெடாவின் புக்கிட் மெரியம் அருகே கர்னல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த கல்வெட்டில், தேமேக் தூபியின் பலகையில் உள்ள அதே பௌத்த வாசகம் இடம்பெற்றுள்ளது. அதனோடு சேர்ந்த மற்றொரு வாசகம், அறியாமையால் வினை பெருகுகிறது என்னும் கருத்தைக் கூறுகிறது. சாரநாத்தின் தூபி, மணிமேகலையின் காதை, கெடாவின் கல் ஆகிய மூன்றும் பேசுவது ஒரே பொருளை. மூன்றையும் ஒருங்கே அறியும் வாய்ப்பு இந்நாடுகளின் தமிழ் மாணவர்க்கு உண்டு. அவ்வாய்ப்பை அவர்களுக்குக் கொடாமல், "எங்கள் சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொல்வது எவ்வகைக் கல்வி?

செய்ய வேண்டியது பெரிய முயற்சியன்று. பயணத்துக்கு முந்திய ஒரு வாரத்தில் முப்பதாவது காதையை ஒரு முறை படிக்கலாம். மயிலை சீனி. வேங்கடசாமியின் "பௌத்தமும் தமிழும்" என்னும் நூலைப் புரட்டலாம். பயண ஏற்பாட்டாளரிடம், புடவைக் கடைக்கு ஒதுக்கும் நேரத்தை அருங்காட்சியகத்துக்கு மாற்றுமாறு கேட்கலாம். காசி வரை செல்ல வசதியில்லாத பள்ளி, மெர்போக்கிலுள்ள அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். ஒவ்வொரு மாணவனும் தான் கண்ட ஒரு கல்லைப் பற்றி மூன்று வினாக்களை எழுதி வர வேண்டும் என்று சொல்லலாம். யார் வைத்தது? ஏன் வைத்தது? எப்படி இந்நிலையை அடைந்தது? இம்மூன்று வினாக்களையும் கேட்கப் பழகிய ஒருவன் பின்னாளில் பொறியாளன் ஆகலாம். நிலம் வாங்கி விற்பவன் ஆகலாம். அரசாங்க அலுவலனும் ஆகலாம். எந்தப் பணியில் இருந்தாலும், ஒரு மேட்டின் முன் மண்வாரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "இஃது என்ன?" என்று கேட்பான்.

பன்னிரண்டு சார்புகளில் முதலாவது பேதைமை. தர்மராஜிகத் தூபியின் முதற்செங்கல்லைப் பெயர்த்ததும் அதுவே. அதை நீக்குவதற்குக் கடப்பாறை வேண்டா, வகுப்பறை போதும். அவ்வகுப்பறை தமிழாசிரியரின் கையில் இருக்கிறது.